ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு

தோக்கியோ, நெரிமா
மார்ச் 4

அன்புள்ள தொக்குஜி அண்ணாவுக்கு,

இங்கே பிளம் பூக்கள் உதிர்ந்து முடிந்தன. அங்கே காமெலியா இன்னும் சிவப்பாகத்தான் இருக்கும். நீங்கள் சுகமா? கினுவே அண்ணி எப்படி இருக்கிறார்கள்? கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒழுங்காக வருகிறாளா?

கடிதத்தைப் பார்த்ததும் பயந்திருப்பீர்கள். ஒன்றுமில்லை. தொண்டைக்குக் கொஞ்ச காலம் ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இருபத்துநாலு வருடமாக டிவி கார்ட்டூனில் ஒரு பதினாலு வயதுப் பையனாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். தொண்டையும் மனுஷத் தொண்டைதானே. மைக்குக்கு முன்னால் மட்டும் பேசு, மற்ற நேரம் வாயைத் திறக்காதே என்பது உத்தரவு. அதனால் போன் அடித்தாலும் எடுக்க மாட்டேன். எழுதுகிறேன்.

வேலை நன்றாகப் போகிறது. அந்தப் பையன் ஷியோமாருவும் அவன் கப்பல் கூட்டாளிகளும் கடைசித் தீவை நெருங்குகிறார்கள். இன்னும் இரண்டே வருடத்தில் அவனைக் கரை சேர்த்துவிடுவேன் என்று வருடக் கடைசி விருந்தில் கதாசிரியர் சொன்னார். அங்கே கால் வைத்ததும் ஷியோமாரு என்ன சொல்வான் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனாலும் அந்த வசனத்தை இத்தனை வருடமாக வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு டிவியைப் போட மறக்காதீர்கள். அண்ணி கேட்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக் காற்றில் கழுத்துத் துணி இல்லாமல் போகாதீர்கள்.

தங்கை
மிசாவோ


கோத்தோ தீவு
மார்ச் 18

மிசா,

நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

தபால்காரர் கையில் உன் எழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நம் மூன்று பேரைத் தவிரச் சாவதற்கு யாரும் பாக்கியில்லை. புத்தாண்டு அட்டை தவிர நான் கடிதம் எழுதி முப்பது வருடம் இருக்கும். பேனாவைவிட ஸ்பானர் லேசாக இருக்கிறது.

கினுவே அப்படியே இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள். பக்கவாதம் வந்து இந்த மாதத்தோடு இரண்டு வருடம். பேச்சு வரவில்லை. ஆனால் நேற்றும் ஒன்பதரைக்கு ஷியோமாரு அந்தப் பெரிய சிரிப்பு சிரித்தான் பார், அப்போது அவள் வலது கை விரல் அசைந்தது. பயிற்சிக்காரப் பெண் ஒரு வாரம் பிடித்து இழுத்தும் நடக்காதது உன் சிரிப்புக்கு நடக்கிறது. பிள்ளையில்லாத இந்த வீட்டில் வாரத்துக்கு அரை மணி நேரம் ஒரு பையன் கத்துவது எனக்கும் பழகிவிட்டது.

முடிவெட்டும் சாகுசோ வாய் அடங்கவில்லை. இன்றைக்குக் காலையில் படகுத்துறையில் எல்லோர் முன்னாலும் கேட்கிறான்: "ஏண்டா தொக்கு, உன் தங்கச்சி நேத்து ஒரே காலையில மூணு கப்பலை முழுகடிச்சுட்டா. ஒரு மோட்டாரைச் சரிபண்ண உனக்கு மூணு நாளா?" நான் சொன்னேன், "கப்பலை முழுகடிக்கிறது சுலபம்டா. மெதக்க வைக்கிறதுதான் கஷ்டம்."

தொண்டைக்கு ஓய்வென்றால் ஓய்வுதான். தேன் சாப்பிடு. எத்தனை நாள் ஓய்வு என்று நீ எழுதவில்லையே?

தொக்குஜி


தோக்கியோ
ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். செர்ரிப் பூ பூத்ததும் தெரியவில்லை, கொட்டியதும் தெரியவில்லை, அவ்வளவு வேலை. இரண்டு பேரும் நலம்தானே? அண்ணியின் விரலைப் பற்றி எழுதியிருந்ததை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

நேற்றைய பதிவைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். கப்பல் சமையல்காரனுக்குக் குரல் கொடுக்கும் ஒகிமுரா இருக்கிறாரே, அவர் மதியம் சாப்பிடாமல் வந்துவிட்டார். புயலில் சமையல்காரன் மயங்கி ஷியோமாருவின் மடியில் கிடக்கிற காட்சி. நான் தொண்டை அடைக்க, "கண்ணத் தொறடா, உன் கஞ்சியைக் குடிக்காம நான் எந்தத் தீவுக்கும் வரமாட்டேன்" என்று சொல்லி நிறுத்துகிறேன். அறை முழுக்க அமைதி. அந்த அமைதியில் ஒரு வயிறு நீளமாக, தவளை மாதிரிக் கத்தியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலி இயக்குநர் தோமிதா கேட்டார்:

"யாரு வயிறு அது?"

"சமையல்காரன் வயிறுங்க," என்றார் ஒகிமுரா. "பாத்திரத்துக்குள்ள ரொம்ப ஆழமாப் போயிட்டேன்."

எல்லோரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை ஏழு தடவை எடுக்க வேண்டியிருந்தது. மடியில் கிடக்கிறவனைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

இன்றைக்கு மழை. ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் குடைகள் மட்டும் நகர்கின்றன, ஆட்கள் இல்லாத மாதிரி.

தொண்டை தேறி வருகிறது. ஓய்வு இன்னும் கொஞ்ச நாள் நீளும். அண்ணியின் போர்வையை இப்போதே மெல்லியதாக மாற்றிவிடாதீர்கள், மே வரை குளிரும்.

மிசாவோ


கோத்தோ தீவு
மே 3

மிசா,

இங்கே எல்லாம் நலம். கினுவேயின் போர்வையை மாற்றவில்லை. ஞாயிறு தவறாமல் பார்க்கிறோம், விரலும் தவறாமல் அசைகிறது.

வயிறு கத்திய கதையைச் சாகுசோவின் கடையில் சொன்னேன். நாற்காலியில் பாதி முகம் சவரம் செய்தபடி இருந்த ஆள் சிரித்துக் கன்னத்தில் வெட்டு வாங்கிக்கொண்டார்.

ஒன்று கேட்க வேண்டும். கடையில் இருந்த பையன் ஒருத்தன், சமையல்காரன் குரல் ஒகிமுரா இறந்து இரண்டு வருடம் ஆகிறது, அதற்கப்புறம் வேறு ஆள் பேசுகிறார் என்கிறான். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருடைய சாவுச் சடங்குக்குப் போய்விட்டு வந்து நீ போனில் அழுதாய். அதே பெயரில் வேறொருவரும் இருக்கலாம். உலகத்தில் ஒகிமுராவுக்கா பஞ்சம்.

உன் வீடு இரண்டாவது மாடி என்று நினைவு. மாறிவிட்டாயா? புது விலாசம் இருந்தால் எழுது.

சாப்பாட்டை விட்டுவிடாதே.

தொக்குஜி


தபால் அட்டை
மே 12

அண்ணா, நலம். வீடு மாறவில்லை, நான்தான் ஏதோ ஞாபகத்தில் எழுதியிருக்கிறேன். ஒகிமுராவும் அப்படித்தான். ஒரு வேண்டுகோள்: ஜூன் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியைக் காற்றாட வெளியே அழைத்துப் போங்கள். துறைமுகப் பக்கம் நன்றாக இருக்கும். டிவி வேண்டாம். காரணம் பிறகு எழுதுகிறேன். இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிசாவோ


கோத்தோ தீவு
மே 27

மிசாவோவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்: நீ நலமா? உண்மையாகச் சொல்.

சனிக்கிழமை முடிவெட்டப் போயிருந்தேன். நான் உள்ளே போனதும் கடையில் பேச்சு நின்றது. சாகுசோ என் கழுத்தில் துணியைக் கட்டினான், கத்தரியை எடுத்தான், வைத்தான்.

"தொக்கு, உனக்குத் தெரியும்ல?" என்றான்.

"என்ன?"

"அதான், மிசா விசயம்."

"என்ன விசயம்?"

"என்னடா இது, அண்ணன்காரன் நீ. ஷியோமாருவுக்கு வேற பொண்ணு பேசப் போகுதாம், ஜூன் ஒம்போதிலேர்ந்து. உடம்பு சரியில்லைன்னு கம்பெனிக்காரங்களே போட்டிருக்காங்க. தொண்டையில ஆபரேசனாம். இனிமே பேச முடியாதாம்."

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பாதி முடி வெட்டி, பாதி வெட்டாமல் எழுந்து வந்துவிட்டேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இருபத்துநாலு வருடமாக இந்தத் துறைமுகத்தில் எல்லோரிடமும், "அது என் தங்கச்சி குரல்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்தக் குரல் போய்விட்டது என்று எனக்கு நாவிதன் சொல்ல வேண்டுமா?

உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே மனசு கெட்டதை நினைத்தது. பேச முடிகிறவள் ஏன் எழுதுகிறாள்? கேட்டால் உண்மையாகிவிடும் என்று கேட்கவில்லை. அது என் தப்பு.

நாளை செவ்வாய், மாலை ஐந்து மணிக்குப் போன் செய்வேன். எடு. நீ பேச வேண்டாம், நான் பேசுகிறேன். அப்புறம் உட்கார்ந்து எழுது. ஒகிமுரா வேண்டாம், உன்னைப் பற்றி எழுது.

தொக்குஜி


தோக்கியோ, நெரிமா
ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம் பேசினீர்கள். படகு, மோட்டார், மீன் விலை, மழை. என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நகத்தால் போனைத் தட்டிக்கொண்டே இருந்தேன். கேட்டதா?

இனி உண்மை. தொண்டையில் புற்று. மார்ச் பதினொன்றாம் தேதி குரல்வளையை முழுக்க எடுத்துவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் மெல்லிய துணி கட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அழகுக்குக் கட்டிய மாதிரிதான் இருக்கும். ஏப்ரலில் நான் எழுதிய ஆறாவது மாடி ஜன்னல் மருத்துவமனையுடையது. சென்ற வாரம்தான் வீட்டுக்கு வந்தேன். மிச்சம் எதுவும் இல்லை, நல்லபடியாக எடுத்துவிட்டோம் என்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை.

அறுவைக்கு முன், பிப்ரவரியில் பத்து நாள் தொடர்ந்து பதிவு செய்தேன். ஜூன் முதல் ஞாயிறு வரைக்கும் வேண்டிய அத்தனையும். பல காட்சிகளுக்கு வெறும் பென்சில் கோடுதான் திரையில் ஓடியது. முகமே இல்லாத ஷியோமாருவுக்கு நான் பேசினேன். கடைசி நாளின் கடைசி வசனம் பெரிதாக ஒன்றுமில்லை. "கயித்தை அவுருங்கடா, கெளம்பலாம்!" அவ்வளவுதான். தோமிதா "சரி" என்றார்.

"இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்றேன்.

"நல்லாத்தானே இருந்துது மிசாவோ."

"எனக்காக."

எடுத்தோம். அதற்கப்புறம் இன்னொரு தடவையும் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மூன்றாவது தடவை குரல் உடைந்தது. இரண்டாவதைத்தான் வைத்துக்கொண்டார்கள். நீங்கள் நேற்றுக் கேட்டது அதுதான்.

ஏன் மறைத்தேன்? அண்ணியின் விரல்தான் முதல் காரணம். சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகளை நீங்கள் எண்ண ஆரம்பிப்பீர்கள், நான் எண்ணிக்கொண்டிருந்த மாதிரி. இன்னொரு காரணமும் உண்டு. எழுதும்போது நான் பழைய மிசாவோவாக இருந்தேன். ஒகிமுராவின் வயிறு கத்தியது பொய்யில்லை அண்ணா, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நிஜமாகவே கத்தியது. நேற்று என்று போட்டதுதான் பொய்.

மருத்துவமனை லிஃப்டில் ஒரு சின்னப் பெண். ஆறு வயது இருக்கும். கையில் ஊசிக்குழாய் கட்டி, வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் பையில் ஷியோமாருவின் படம். இந்த மாதிரி எத்தனையோ பிள்ளைகளை நான் அடக்கியிருக்கிறேன். குனிந்து அவன் குரலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அழுகை பாதியில் நிற்கும், கண் விரியும். பழக்கத்தில் குனிந்துவிட்டேன். வாயைத் திறந்தேன். கழுத்துத் துணி மட்டும் மூச்சுக் காற்றில் அசைந்தது. அவள் பயந்துபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். அன்றைக்குத்தான் நான் அழுதேன். அழுகைக்கும் சத்தம் இல்லை.

புதிதாகப் பேசப்போகும் பெண்ணின் பெயர் நாகாதா இகுமி. இருபத்தாறு வயது. அவள் பிறக்கும்போது ஷியோமாரு படக்கதையாக அச்சில் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு எழுதியிருந்தாள்: "அக்கா, அவன் எப்படிச் சிரிக்கிறான்? எங்கிருந்து வருகிறது அந்தச் சிரிப்பு?" நான்கு நாள் பதில் போடவில்லை. பிறகு ஒரு வரி எழுதினேன்: "நீயே கண்டுபிடி." எவ்வளவு கசப்போடு எழுதினேன் என்று உங்களிடம்தான் சொல்கிறேன். கடைசித் தீவில் அவள் கால் வைப்பாள். நான் வைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியை வெளியே அழைத்துப் போங்கள். மறந்துவிடாதீர்கள். மீதி முடியையும் வெட்டிக்கொள்ளுங்கள்.

மிசாவோ


கோத்தோ தீவு
ஜூன் 10

மிசா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவைக்குத் தைரியம் வரவில்லை. போனில் டிக் டிக் என்று கேட்டது. லைன் கோளாறு என்று நினைத்து ரிசீவரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். மன்னித்துக்கொள். முடி வெட்டியாகிவிட்டது.

நேற்று கினுவேயை வெளியே அழைத்துப் போகவில்லை. டிவியைப் போட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கப்பல், ஒரு சண்டை. ஷியோமாரு வாயைத் திறந்தான், வேறு யாரோ பேசினாள். நான் எழுந்து சத்தத்தைக் குறைத்தேன், பிறகு கூட்டினேன். சண்டை முடிந்து அவன் சிரித்தான். அந்தப் பெண் உன் சிரிப்பை அப்படியே சிரிக்கப் பார்க்கிறாள். வேறு அளவு நட்டைப் போட்டு இறுக்கிய மாதிரி இருந்தது. உட்காருகிறது, ஆனால் பிடிக்கவில்லை.

கினுவே அசையவில்லை.

இதுதான் நான் சொல்ல வேண்டியது, மிசா. அவள் போன ஞாயிறும் அசையவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் இல்லை. போன வருடம் நவம்பரில் ஒரே ஒரு தடவை, உன் சிரிப்பு நேரத்தில், அந்த விரல் கொஞ்சம் துடித்தது. பயிற்சிக்காரப் பெண்ணிடம் சொன்னேன். "சும்மா நரம்புத் துடிப்புங்க. அதுல ஒண்ணும் இல்ல" என்றாள். எனக்கு அதில் நிறைய இருந்தது. அன்று போனில் உன்னிடம் சொன்னதும் நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். அதன்பிறகு வாராவாரம் சொல்லிக்கொண்டே வந்தேன். நீ ஒகிமுராவைச் செய்தாய், நான் விரலைச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு டிவி கினுவேக்காக ஓடவில்லை, எனக்காகத்தான் ஓடியது. காலையிலிருந்து இந்த வீட்டில் "சாப்பிடு", "திரும்பு", "கையைத் தூக்கு" என்று என் குரலை நானே கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அந்த அரை மணி நேரத்துக்காக உட்கார்ந்திருப்பேன். என் வீட்டு ஆள் ஒருத்தி பேசுகிறாள் என்று இருக்கும். என்ன கதை என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. யார் நல்லவன், யார் கெட்டவன், எதற்கு அந்தத் தீவுக்குப் போகிறார்கள், ஒன்றும் தெரியாது.

ஆகவே கினுவேயின் விரலுக்காக நீ வருத்தப்பட வேண்டாம். அந்தப் பாரம் உனக்கு இல்லை.

மழைக்காலம் தொடங்குகிறது. துளையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் பார்த்துக்கொள்.

தொக்குஜி


தோக்கியோ
ஜூலை 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

மழை விட்டு வெயில் ஆரம்பித்துவிட்டது. நீங்களும் அண்ணியும் நலமா? ஒரு மாதத்துக்கு மேல் பதில் போடாமல் இருந்தேன். கோபம் ஒரு வாரம்தான் இருந்தது. மிச்ச நாளெல்லாம், நீங்கள் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து புரியாத கதையைக் கேட்டுக்கொண்டிருந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். தோமிதா கூப்பிட்டிருந்தார். வேறு அளவு நட்டு என்று நீங்கள் எழுதியது மனசில் இருந்தது. அந்தச் சிரிப்பு உள்ளங்காலிலிருந்து எப்படி ஏறுகிறது, எங்கே மூச்சை விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று நான்கு தாள் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். நல்ல மனசோடுதான் போனேன் என்று சொல்ல முடியாது. நான் இல்லாமல் அவர்களால் முடியவில்லை என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

எல்லோரும் எழுந்து வணங்கினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்தப் பக்கம். இகுமி சின்ன உருவம். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலில், நான் நிற்கும் அதே மூலை மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். ஷியோமாருவின் பழைய கப்பல் எரிந்து முழுகுகிற காட்சி. அவன் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். நானாக இருந்தால் கடலையே மிரட்டுகிற மாதிரிச் சிரித்திருப்பேன். அவள் அப்படித் தொடங்கவில்லை. முதலில் சத்தமே வரவில்லை. அப்புறம் அடித்தொண்டையிலிருந்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஏதோ ஒன்று கிளம்பியது; கடைசியில்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

தப்பு என்று நினைத்தேன். அடுத்த நொடியே தப்பில்லை என்று தெரிந்துவிட்டது. என் ஷியோமாரு இருபத்துநாலு வருடத்தில் ஒரு தடவைகூட அழுததில்லை. இவள் பையனுக்கு அழுதுகொண்டே சிரிக்கத் தெரிகிறது. தோமிதா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கண் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, தப்பா பண்ணிட்டேனா? முதல் மாசம் பூரா உங்களை மாதிரியே சிரிக்கப் பாத்தேன். வரலை. அப்புறம்தான் நீங்க எழுதின வரியை ஒழுங்காப் படிச்சேன். நீயே கண்டுபிடின்னு எழுதியிருந்தீங்கள்ல. அந்தத் தாளை என் வசனப் புத்தகத்துல ஒட்டி வெச்சிருக்கேன்."

எடுத்துக் காட்டினாள். நான் கசப்பில் எழுதிய வரி. பேனா அழுத்தியதில் தாள் ஒரு இடத்தில் கிழிந்துகூட இருந்தது. அதை ஆசீர்வாதம் மாதிரி வைத்திருக்கிறாள். என்ன செய்வேன்? எழுதும் பலகையில் "நன்றாக இருந்தது" என்று எழுதிக் காட்டினேன். உண்மைதான். நான்கு தாளையும் பையிலிருந்து எடுக்கவில்லை.

அங்கிருந்து நிலையம் வரை நடந்தேன். சந்தோஷமாக இருக்கிறதா, வலிக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் இனி அங்கே போக வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. செவ்வாய் போய் இன்றைக்குச் சனி. இந்த நான்கு நாளில் கடைக்காரப் பெண் "பை வேணுமா?" என்று கேட்டது தவிர யாரும் என்னிடம் பேசவில்லை. நான் தலையை ஆட்டினேன். அதுதான் உரையாடல்.

அண்ணா, ஓபோன் நாட்களுக்கு அங்கே வரட்டுமா? அப்பா அம்மா கல்லறையில் விளக்கேற்ற வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஆகஸ்ட் பன்னிரண்டு, மதியக் கப்பல். பத்து நாள் தங்குகிறேன். அண்ணியைக் குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட என்னால் முடியும். மருத்துவர் கடலில் மட்டும் இறங்கக் கூடாது என்றிருக்கிறார்.

ஓபோன் கூட்டத்தில் துறையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. மேல்தளத்திலிருந்து நான் கூப்பிட முடியாது. நீங்கள்தான் என்னைக் கூப்பிட வேண்டும்.

மிசாவோ


கோத்தோ தீவு
செப்டம்பர் 2

மிசா,

சேர்ந்துவிட்டாய் என்று உன் அட்டையில் பார்த்தேன். நாங்கள் இருவரும் நலம். புயல் ஒன்று தெற்கே போய்விட்டது, இங்கே காற்று மட்டும்தான். உன் உடம்பு எப்படி? கழுத்துத் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். துவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

நீ போன அன்று துறையில் எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

நீ வந்த அன்று கப்பல் திரும்பும்போதே மேல்தளத்தில் உன்னைப் பார்த்துவிட்டேன். நீ தப்பான பக்கம் தேடிக்கொண்டிருந்தாய். கூப்பிட வாயைத் திறந்தால் வெட்கமாக இருந்தது. அறுபத்தொரு வயது ஆள், அத்தனை கூட்டம். பக்கத்தில் சாகுசோ, "கூப்பிடுடா கழுதை, அவ இறங்கிப் போயிடப் போறா" என்றான். அப்புறம் கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்றால் டிக்கெட் கொடுக்கிறவர் கூண்டை விட்டு வெளியே வந்துவிட்டார். இவ்வளவு சத்தம் எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

பத்து நாளும் நீ இருந்தது நன்றாக இருந்தது. அதைச் சொல்ல வேறு வார்த்தை என்னிடம் இல்லை.

இரண்டாம் நாள் மதியம் ஞாபகம் இருக்கிறதா? உதோன் செய்திருந்தேன். கினுவேக்கு நீ நூடுல்ஸைச் சின்னதாக வெட்டி ஊட்டினாய். அவள் சத்தமில்லாமல் சாப்பிட்டாள். வாயில் மூச்சில்லாமல் உன்னாலும் இனிமேல் உறிஞ்ச முடியாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீயும் ஒவ்வொன்றாக எடுத்து மென்றாய். அந்த அறையில் சர் சர்ரென்று உறிஞ்சுகிறவன் நான் ஒருத்தன் மட்டும். கூச்சமாகப் போய்விட்டது. நானும் சத்தமில்லாமல் சாப்பிடப் பார்த்து, நூடுல்ஸ் மூக்குக்கு ஏறி, இருமி, மேசை முழுக்க ரசம் தெறித்தது.

நீ சிரித்தாய். சத்தமே இல்லை. தோள் இரண்டும் குலுங்கின, கண் மூடிக்கொண்டது, முகம் சுருங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கையால் மேசையைத் தட்டினாய். கினுவே உன்னைப் பார்த்தாள். விரல் அசைந்ததா என்று கேட்காதே. இனிமேல் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அசையவில்லை. ஆனால் பார்த்தாள், நீ நிறுத்தும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பதினெட்டு வயதில் கப்பலேறிப் போனாய். அதன்பிறகு உன் சிரிப்பென்று நான் கேட்டதெல்லாம் அந்தப் பையனுடையது. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் அதைத்தான். என் தங்கை எப்படிச் சிரிப்பாள் என்று அன்றைக்கு மதியம், மேசையைத் துடைத்துக்கொண்டே, தெரிந்துகொண்டேன்.

குளிர் வரும் முன்னால் இன்னொரு தடவை வா. பதில் எழுது. சின்ன விஷயமாக இருந்தாலும் எழுது.

உன் அண்ணன்
தொக்குஜி